கழுத்தில் போடும் துளை: கேமரா இருக்கிறதா என்று குடும்பம் கேட்கலாம்

ஜொகூர் பாரு: தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாள்கணக்கில் காத்திருக்கும் குடும்பத்திடம் ஒரு கட்டத்தில் ஒரு தாள் நீட்டப்படுகிறது. வாயில் இருக்கும் குழாயை எடுத்துவிட்டு, கழுத்தில் சிறு துளை போட்டு, அதன் வழியாக மூச்சு கொடுக்கப் போவதாக மருத்துவர் சொல்கிறார். மலாயில் 'தெபுக் லெஹெர்' என்று சொல்லும்போது, கழுத்தைத் துளைப்பதா என்ற அதிர்ச்சியே முதலில் வருகிறது. சிலர் அழுதுகொண்டே கையெழுத்திடுகிறார்கள். சிலர் உறவினர் எல்லாரையும் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி நாளைக் கடத்துகிறார்கள்.

அந்த நேரத்தில் பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. துளை போடும்போது, மூச்சுக்குழலின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை மருத்துவர் எதைக் கொண்டு பார்க்கப் போகிறார்?

டிராக்கியோஸ்டமி எனப்படும் இந்தச் சிகிச்சை முன்பு பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை அறையில் நடந்தது. இன்று உலகின் பல நாடுகளில் நோயாளி படுத்திருக்கும் கட்டிலிலேயே செய்துவிடுகிறார்கள். கட்டிலருகே செய்வதைப் பாதுகாப்பாக்க வந்ததுதான் கேமரா. ஜொகூரில் எந்த ஊர் மருத்துவமனையில் படுத்தாலும், இந்தக் கேமரா நோயாளியின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இல்லாமல் வழக்கமாகவே இருக்க வேண்டும். அதே சமயம், கேமரா வந்துவிட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு.

துளை என்றால் முடிவு அல்ல

தமிழர் வீடுகளில் பலரும் 'டிராக்கியோஸ்டமி' என்ற சொல்லை முதன்முதலில் கேட்டது 2016-இல்தான். சென்னை அப்போலோ மருத்துவமனையில் இருந்த தமிழக முதல்வர் ஜெயலலிதாவுக்கு அந்த ஆண்டு அக்டோபரில் இது செய்யப்பட்டது. அந்த மாத இறுதியில் அ.தி.மு.க. வேட்பாளர்களுக்கான தேர்தல் படிவங்களில் அவர் கையெழுத்துப் போடாமல் பெருவிரல் ரேகை வைத்தார். அவருக்கு டிராக்கியோஸ்டமி செய்யப்பட்டிருக்கிறது, வலது கையில் வீக்கம் இருக்கிறது என்று அரசு மருத்துவர் ஒருவர் சான்றளித்தார். டிசம்பர் 5-ஆம் தேதி அவர் காலமானார். அதன் பிறகு, கழுத்தில் துளை என்றாலே கடைசிக் கட்டம் என்ற எண்ணம் பலர் மனத்தில் பதிந்துவிட்டது.

அந்த எண்ணம் சரியல்ல. இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்கிற்கு 1985-இல் நிமோனியா கண்டபோது கழுத்தில் துளை போடப்பட்டது. அதன் பிறகு 32 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 2018-இல்தான் அவர் மறைந்தார். அவருக்கிருந்த நரம்பு நோயால் அந்தத் துளை நிரந்தரமாகவே இருந்தது. பக்கவாதம், விபத்தில் தலைக்காயம், கடும் நிமோனியா போன்றவற்றால் படுத்தவர்கள் தேறிவரும்போது, பலருக்குக் குழாய் எடுக்கப்பட்டுத் துளை தானாகவே மூடிக்கொள்கிறது.

வாய் வழியாகப் போகும் குழாய் குரல்நாண்களின் நடுவே நுழைந்து செல்கிறது. நாள் கூடக்கூட அங்கே புண்ணும் வீக்கமும் வரலாம். குழாயைப் பொறுத்துக்கொள்ள நோயாளிக்கு மயக்க மருந்தும் தொடர்ந்து தேவைப்படுகிறது. கழுத்து வழியாகப் போட்டால் வாய் விடுபடும், மயக்க மருந்தைக் குறைக்கலாம், சளியை எளிதாக எடுக்கலாம், வெண்டிலேட்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கலாம்.

இதற்கு அவசரம் எவ்வளவு என்பதையும் குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் 900-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த 'டிராக்மேன்' ஆய்வு 2013-இல் வெளியானது. முதல் 4 நாளுக்குள் துளை போட்டவர்களுக்கும், 10 நாள் காத்திருந்து பார்த்தவர்களுக்கும் இடையே இறப்பு விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. காத்திருந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே கடைசியில் துளை போடப்பட்டது. மூச்சுப்பாதை அடைபட்ட அவசர நிலை வேறு. மற்றபடி, விவரம் கேட்டுத் தெரிந்துகொள்ளக் குடும்பத்துக்கு நேரம் இருக்கிறது.

ஏன் கட்டிலருகே?

வெண்டிலேட்டரில் இருப்பவரை அறுவைச் சிகிச்சை அறைக்குக் கொண்டுபோவது எளிய வேலை அல்ல. பெரிய கருவியிலிருந்து கழற்றிச் சிறிய கருவியில் மாட்ட வேண்டும். மருந்து செலுத்தும் பம்புகள், சிறுநீர்ப் பை, மானிட்டர் எல்லாம் கூடவே போக வேண்டும். லிஃப்டிலோ நடைபாதையிலோ குழாய் நழுவினால் அங்கேயே உயிர் போராட்டம் தொடங்கிவிடும். 2016 அக்டோபர் 25-ஆம் தேதி ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்து 6 நோயாளிகள் இறந்ததை இந்த மாநிலம் மறக்கவில்லை. எழுந்து ஓட முடியாதவர்களை, கருவியோடு பிணைந்திருப்பவர்களை இடம் மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த நாள் எல்லாருக்கும் காட்டியது.

அறுவைச் சிகிச்சை அறைக்கும் நீண்ட வரிசை உண்டு. விபத்து, பிரசவம், குடல் வெடிப்பு என்று அவசரமானவை முன்னே போகும்போது, கழுத்துத் துளைக்குக் காத்திருப்பவரின் முறை தள்ளிக்கொண்டே போகும்.

இதற்கு வழி திறந்தவர் அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் பாஸ்குவாலே சியாலியா. ஊசி வழியாகக் கம்பியை விட்டு, அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே குழாயை உள்ளே செலுத்தும் உத்தியை இரத்தக்குழாய்களுக்காக 1953-இல் சுவீடனின் செல்டிங்கர் கண்டுபிடித்திருந்தார். சியாலியா 1985-இல் அதையே மூச்சுக்குழலுக்குக் கொண்டுவந்தார். கழுத்தைப் பெரிதாக அறுக்காமல், ஊசி போட்டு, கம்பி விட்டு, துளையை மெல்ல மெல்ல அகலப்படுத்தி, குழாயைப் பொருத்துவது அவர் முறை. 1999 முதல் ஒரே ஒரு வளைந்த விரிப்பானைக் கொண்டு ஒரே மூச்சில் அகலப்படுத்தும் முறை பரவியது.

அறுத்துச் செய்வதையும் ஊசி வழியாகச் செய்வதையும் ஒப்பிட்ட 20 ஆய்வுகளை, மொத்தம் 1,652 நோயாளிகளின் விவரங்களோடு, 2016-இல் கொக்ரேன் அமைப்பு அலசியது. இறப்பில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஊசி முறையில் புண்ணில் கிருமித் தொற்று குறைவு, தழும்பும் குறைவு.

கண்ணுக்குத் தெரியாத 2 சென்டிமீட்டர்

இந்த முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அறுத்துச் செய்யும் மருத்துவர் மூச்சுக்குழலைக் கண்ணால் பார்க்கிறார். ஊசியால் செய்பவர் தோலுக்கு மேலே இருந்து விரலால் தடவி இடத்தைக் கணிக்கிறார். ஊசியோடு இணைத்த சிரிஞ்சில் காற்றுக்குமிழி வந்தால் உள்ளே போய்விட்டது என்று அறிகிறார். குழலின் நடுவில் நுழைந்ததா, ஓரத்தில் நுழைந்ததா, எதிர்ச் சுவரையும் குத்திவிட்டதா என்பதைக் குமிழி சொல்லாது.

பெரியவர்களின் மூச்சுக்குழல் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலம்தான். முன்பக்கமும் பக்கவாட்டிலும் குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. பின்பக்கம் வளையம் இல்லை, மெல்லிய சவ்வுச் சுவர் மட்டுமே. அந்தச் சுவரை ஒட்டியே உணவுக்குழல் இருக்கிறது. ஊசி சற்று ஆழமாகப் போனால் சுவர் கிழியலாம். கம்பி தவறான பக்கம் போனால், அதைத் தொடர்ந்து செல்லும் குழாயும் மூச்சுக்குழலுக்கு வெளியே போய் நிற்கலாம். அப்போது வெண்டிலேட்டர் தள்ளும் காற்று நுரையீரலுக்குப் போகாது.

இங்கேதான் கேமரா உதவுகிறது. புரோங்கோஸ்கோப் என்பது வளையக்கூடிய மெல்லிய குழாய். அதன் நுனியில் விளக்கும் கேமராவும் இருக்கும். வாயில் ஏற்கெனவே இருக்கும் குழாய் வழியாக ஒரு மருத்துவர் இதை உள்ளே இறக்குகிறார். அதன் வெளிச்சம் கழுத்துத் தோலில் தெரிவதால் குத்த வேண்டிய இடத்தைக் கணிக்க உதவுகிறது. ஊசி நுழையும் காட்சி திரையில் வருகிறது. கடிகாரத்தில் 12 மணி இருக்கும் இடத்தில், அதாவது நேர் நடுவில் ஊசி வருகிறதா என்று பார்க்கலாம். கம்பி கீழ்நோக்கி நுரையீரல் பக்கம் போகிறதா, பின்சுவர் தப்பியதா என்று பார்க்கலாம். குழாய் உள்ளேதான் இருக்கிறது என்று கடைசியில் உறுதி செய்யலாம். துளை போடுபவர் ஒருவர், திரையைப் பார்த்து வழி சொல்பவர் இன்னொருவர். இருவரும் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள். பயிற்சி மருத்துவருக்குக் கற்றுக்கொடுக்கவும் இது பெரிய வசதி.

இந்தக் கருவியின் வேரில் இந்தியர் ஒருவரின் உழைப்பும் இருக்கிறது. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைகள் வழியாகப் படத்தைக் கடத்த முடியும் என்று 1954-இல் காட்டினார். அந்த இழைத் தொழில்நுட்பத்தை வைத்து ஜப்பானிய மருத்துவர் ஷிகெட்டோ இகெடா 1960-களில் வளையக்கூடிய புரோங்கோஸ்கோப்பை உருவாக்கினார்.

கேமராவுக்கும் குறை உண்டு

வாய்க் குழாயின் உட்புறம் 7 அல்லது 8 மில்லிமீட்டர் அகலம். அதற்குள் 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கேமரா போனால் காற்றுப் போக இடம் குறைகிறது. இரத்தத்தில் கரியமில வாயு ஏறுகிறது. தலைக்காயம் பட்டவர்களுக்கு அது மூளையில் அழுத்தத்தைக் கூட்டும். அதனால் மெல்லிய கேமராவைப் பயன்படுத்துவது, தேவையான நிமிடங்களில் மட்டும் உள்ளே வைப்பது போன்ற கட்டுப்பாடுகள் வேண்டும்.

இன்னொரு வழி அல்ட்ராசவுண்ட். ஊசி போடும் முன்பே கழுத்தில் வைத்துப் பார்த்தால், குறுக்கே ஓடும் இரத்தக்குழாய், தைராய்டு சுரப்பி, தோலிலிருந்து மூச்சுக்குழல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதெல்லாம் தெரியும். இவற்றைக் கேமரா காட்டாது. ஆனால் மூச்சுக்குழலுக்குள் காற்று இருப்பதால் பின்சுவரை அல்ட்ராசவுண்ட் காட்டாது. பிரேசிலின் சாவ் பாவ்லோவில் 118 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் வெளியானது. அல்ட்ராசவுண்ட் கேமராவுக்குச் சளைத்ததல்ல என்பது அதன் முடிவு. ஒன்று வெளியிலிருந்து பார்க்கும் கண், மற்றொன்று உள்ளிருந்து பார்க்கும் கண். இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது. இரண்டும் இல்லாமல் விரல் கணிப்பை மட்டும் நம்புவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

கேமரா உயிர்களைக் காக்கிறது என்பதற்குப் பெரிய அளவிலான ஆய்வுச் சான்று இருக்கிறதா என்று கேட்டால், நேர்மையான பதில் இல்லை என்பதே. அனுபவமுள்ளவர் கையில் பெரிய தவறுகள் அரிது. அரிதானதை எண்ணிக்கையில் நிரூபிக்க மிகப் பெரிய ஆய்வு தேவைப்படும். ஆனாலும் அரிதாக வரும் அந்தத் தவறு உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால்தான் பல மருத்துவர்கள் கேமராவை விட மறுக்கிறார்கள்.

இந்தியச் சமூகத்துக்கு இதில் கூடுதல் அக்கறை ஏன்?

2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. அதே ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் பாதிப்பேர் அதிக எடை அல்லது உடற்பருமன் கொண்டவர்கள். இதிலும் இந்தியர்களே முன்னிலையில் இருந்தார்கள்.

நீரிழிவும் இரத்த அழுத்தமும் பக்கவாதத்துக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் இட்டுச் செல்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போகும் வழிகளில் அவை முக்கியமானவை. சாலை விபத்து மற்றொரு வழி. நாட்டில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கும் பட்டணத்துக்கும் மோட்டார் சைக்கிளில் போய் வரும் இளைஞர்கள் உள்ள குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

உள்ளே போன பிறகும் உடல் எடை ஒரு பிரச்சினை. கழுத்து குட்டையாக, தடித்து இருந்தால் வளையங்கள் விரலுக்குத் தட்டுப்படாது. மூச்சுக்குழல் ஆழத்தில் இருக்கும். சாதாரண நீளக் குழாய் எட்டாமல் போகலாம், போட்ட பிறகு நழுவலாம். விரல் கணிப்பு எங்கே அதிகம் பிசகுமோ, அங்கேதான் இந்தியச் சமூகத்தின் நோயாளிகள் அதிகம் இருக்கிறார்கள்.

நகரத்துக்கும் மாவட்டத்துக்கும் ஒரே அளவுகோல்

ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில் என இரண்டு பெரிய அரசு மருத்துவமனைகள் உள்ளன. மூவார், பத்து பகாட், குளுவாங், சிகாமட் ஆகிய ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சாலை வழியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். லாபிஸ், சாஆ பக்கத்துத் தோட்டக் குடும்பம், நோயாளியைத் தலைநகருக்கு மாற்றினால் அன்றாடம் போய்ப் பார்க்க முடியாமல் தவிக்கிறது. அருகிலுள்ள மருத்துவமனையிலேயே கட்டிலருகே பாதுகாப்பாகச் செய்ய முடிந்தால், நோயாளிக்கும் நல்லது, குடும்பத்துக்கும் நல்லது.

அதற்கு மூன்று தேவை. முதலாவது கருவி. பழைய வகைக் கேமரா விலை அதிகம், ஊசி குத்திவிட்டால் பழுதுபார்க்கும் செலவும் அதிகம், ஒவ்வொரு முறையும் கழுவிக் கிருமி நீக்க நேரமாகும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் கேமராக்கள் 2009 முதல் சந்தையில் உள்ளன. ஒரு நாளில் ஒன்றிரண்டு தேவைப்படும் பெரிய மருத்துவமனைக்குக் கழுவிப் பயன்படுத்துவதும், எப்போதோ ஒன்று தேவைப்படும் மாவட்ட மருத்துவமனைக்கு எறியும் வகையும் கட்டுப்படியாகலாம். அல்ட்ராசவுண்ட் கருவியை வேறு பல வேலைகளுக்கும் பயன்படுத்தலாம்.

இரண்டாவது ஆள். துளை போடுபவரும் கேமரா பிடிப்பவரும் மட்டும் போதாது. மயக்க மருந்தையும் வெண்டிலேட்டரையும் கவனிக்க ஒருவர், உதவிக்குத் தாதியர் வேண்டும். ஆள் குறைவான இரவில் அவசரமில்லாத துளையைப் போடாமல் பகலுக்குத் தள்ளிவைப்பதே பெரிய பாதுகாப்பு.

மூன்றாவது கணக்கு. மலேசியத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தேசியக் கணக்கெடுப்பு 2002-இல் தொடங்கியது. நாடு முழுவதும் ஒரே அளவுகோலில் தரத்தைப் பார்க்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. எத்தனை துளைகள் கட்டிலருகே போடப்பட்டன, எத்தனையில் கேமராவோ அல்ட்ராசவுண்டோ பயன்பட்டது, எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது என்பவையும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு நீதி, நகரத்துக்கு ஒரு நீதி என்று இருந்தால் அது எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.

துளை போட்ட பிறகுதான் பெரிய ஆபத்து

பிரிட்டனில் மூச்சுப்பாதைச் சிக்கல்களை நாடு முழுவதும் ஓராண்டு கணக்கெடுத்த ஆய்வின் அறிக்கை 2011-இல் வெளியானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிரிழப்புக்கும் மூளைப் பாதிப்புக்கும் பெரிய காரணமாக அந்த அறிக்கை காட்டியது, போட்ட குழாய் பின்னர் நழுவியதைத்தான். பருமனான உடல்வாகு கொண்டவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை அளந்து திரையில் அலையாகக் காட்டும் கேப்னோகிராபி என்ற கருவி பயன்படுத்தப்படாததும் ஒரு முக்கியக் காரணம். அந்தப் பிரிவின் இறப்புகளிலும் மூளைப் பாதிப்புகளிலும் ஏறத்தாழ முக்கால் பங்கில் அதற்குத் தொடர்பு இருந்தது. அலை மறைந்தால் குழாய் இடம் மாறிவிட்டது என்று உடனே சந்தேகிக்கலாம்.

ஊசி முறையில் போட்ட துளை முதல் 7 முதல் 10 நாள் வரை உறுதிப்படாது. அதற்குள் குழாய் கழன்றால் வழி மூடிக்கொள்ளும். அப்போது மீண்டும் கழுத்தில் திணிக்க முயல்வதைவிட, வாய் வழியாக மூச்சு கொடுப்பதே பெரும்பாலும் பாதுகாப்பானது. எந்த நாளில், எந்த முறையில், எந்த அளவுக் குழாய் போடப்பட்டது என்று கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டை ஒட்டினால், நள்ளிரவில் ஓடி வரும் மருத்துவருக்கு அது வழிகாட்டும். அதற்குச் சில சென் கூட ஆகாது.

குழாயோடு வீட்டுக்கு வருபவர்களுக்குச் சளி உறிஞ்சும் இயந்திரம், மாற்றுக் குழாய், உள்குழாயைக் கழுவும் பயிற்சி ஆகியவை வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகும் இடமாக இருந்தால் பேட்டரியிலோ கையாலோ இயங்கும் இயந்திரம் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது. கருவி வாங்க வசதியில்லாத குடும்பங்கள், நோயாளி வீடு திரும்பும் நாளுக்கு முன்பே அங்கே பேச வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

மருத்துவரைச் சந்தேகப்படுவதாக நினைத்துவிடுவாரோ என்று பலரும் தயங்குகிறார்கள். தயக்கம் தேவையில்லை. "டாக்டர், இது இப்போதே செய்ய வேண்டியதா, சில நாள் பார்க்கலாமா? கட்டிலிலா, அறுவைச் சிகிச்சை அறையிலா? கேமராவோ ஸ்கேனோ வைத்துப் பார்த்துச் செய்வீர்களா? அவருடைய கழுத்து தடிப்பாக இருக்கிறதே, அதற்கு ஏற்ற நீளக் குழாய் இருக்கிறதா? குழாய் கழன்றால் என்ன செய்வீர்கள்? எப்போது எடுப்பீர்கள்?" என்று கேட்கலாம். மலாய் புரியாத முதியவர் கையெழுத்திட வேண்டியிருந்தால், தமிழ் தெரிந்த தாதியையோ மருத்துவரையோ வைத்து விளக்கச் சொல்லலாம். புரியாமல் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது.

சில வேளைகளில் கேமரா வேண்டாம் என்பதற்கு மருத்துவரிடம் சரியான காரணம் இருக்கும். மூளை அழுத்தம் காரணமாக அல்ட்ராசவுண்ட் போதும் என்பார். கழுத்து அமைப்பு சரியில்லை, அறுவைச் சிகிச்சை அறைக்கே கொண்டுபோகிறோம் என்பார். அவை நல்ல பதில்கள். "இங்கே அந்தக் கருவி இல்லை" என்பது மட்டுமே பதிலாக இருந்தால், அது அந்த மருத்துவரின் குற்றம் அல்ல. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது சுகாதார அமைச்சு. அந்தக் கேள்வியைக் குடும்பங்களோடு சேர்ந்து சமூக அமைப்புகளும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் அமைச்சிடம் கொண்டுபோக வேண்டும்.